நவஹோ துப்பறியும் நாவல்களைத் தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு வந்த நால்வரிடம் அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலத்தில் நடக்கும் டோனி ஹில்லர்மனின் துப்பறியும் நாவல்களிலிருந்து ஆளுக்கோர் அத்தியாயம் கொடுத்தேன். திரும்பி வந்த தாள்களைப் படித்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் பயிற்சிக்காகச் செய்து பெட்டிக்குள் போட்டுவைத்த வரைவையே மறுபடியும் படிப்பது போலிருந்தது. எழுத்துப்பிழை, விடுபட்ட வரி போன்றவற்றை யாரும் திருத்திவிடலாம் என்பதால் அவற்றை இங்கே பேசப் போவதில்லை.

வடக்குச் சுவரின் ஓட்டை

நவஹோ மக்களின் மரபான வீட்டுக்கு ஹோகன் என்று பெயர். மரத்தாலும் மண்ணாலும் கட்டி, வாசலைக் கிழக்கு நோக்கி வைப்பார்கள். உள்ளே ஒருவர் இறந்துவிட்டால் வடக்குச் சுவரை உடைத்து அவ்வழியே உடலை வெளியே எடுப்பதும், அதன்பின் அந்த வீட்டைக் கைவிட்டுவிடுவதும் மரபு. இறந்தவரிடம் இசைவு கெட்டுக் கிடந்த தீய கூறு, அதாவது சிண்டி, அங்கேயே தங்கிவிடும் என்பது நம்பிக்கை. அதனால்தான் உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவரை முன்கூட்டியே வெளியே கொண்டுவந்து கிடத்துவார்கள்.

1984இல் வெளிவந்த ‘தி கோஸ்ட்வே’ நாவலில், காவலர் ஜிம் சீ இப்படி வடக்குச் சுவர் உடைக்கப்பட்ட ஹோகன் ஒன்றைப் பார்க்கிறார். மரபை நன்கறிந்த முதியவர் ஒருவர் தம் வீட்டுக்குள்ளேயே ஒரு சாவு நேர ஏன் விட்டார் என்ற ஐயம் அங்கேதான் அவருக்குள் விழுகிறது. நானோ அந்த இடத்தில் “சிதிலமடைந்த குடிசை” என்று எழுதி, திசையையும் ஓட்டையையும் ஒரே வீச்சில் தூக்கிவிட்டிருந்தேன். வாக்கியம் சரளமாக ஓடியதில் எனக்குப் பெருமை வேறு. சீ தன் ஐயத்தை எண்ணிப் பார்க்கும் பகுதிக்கு வந்தபோது, அவர் நினைவுகூரும் ஓட்டை என் தமிழில் எங்குமே இல்லை. திரும்பிப் பார்த்தால், தேவையற்ற வருணனை என்று நினைத்துத் திசைகளையும் மேகங்களையும் மணலில் பதிந்த தடங்களையும் தொடக்கம் முதலே நறுக்கித் தள்ளியிருந்தேன். அத்தனையையும் மூலத்தோடு ஒப்பிட்டு மீண்டும் எழுத மூன்று வாரங்கள் ஆயின. இன்று நினைத்தாலும் எரிச்சலாகவே இருக்கிறது.

பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவர் “பாழடைந்த குடில்” என்று எழுதியிருந்தார். இன்னொருவர் எழுதியது “பேய் வீடு”. அப்படி எழுதினால் தமிழ் வாசகரின் மனத்தில் புளியமரமும் வெள்ளைச் சேலையும் வந்து நின்றுவிடும். சிண்டி பழிவாங்கத் திரியும் ஆவியன்று. அது தொற்றும் தீட்டுக்கு நெருக்கமானது. அந்தத் தொற்றை நீக்குவதற்கான சடங்கின் பெயரைத்தான் நாவல் தன் தலைப்பாகக் கொண்டிருக்கிறது. ஓட்டையை ஓட்டை என்றும், வடக்கை வடக்கு என்றும் எழுதுங்கள். சிண்டியைச் சிண்டியாகவே விட்டுவிடுங்கள்.

உம் கொட்டாதீர்கள்

ஒருவர் பேசி முடித்த பின்பும் சற்றுப் பொறுத்திருப்பது நவஹோ மரியாதை. ஹில்லர்மனின் மற்றொரு நவஹோ காவலரான லீப்ஹார்ன் இவ்வாறு காத்திருந்தே பல செய்திகளைப் பெறுகிறார். தமிழில் கதை கேட்பவர் உம் கொட்டாவிட்டால் சொல்பவருக்கு ஓடாது என்பது உண்மைதான், அதற்காக மூலத்தில் மௌனம் இருக்கும் இடத்தில் “ம்... சொல்லுங்கள்” என்று நிரப்பினால், காத்திருக்கத் தெரிந்த நவஹோ காவலருக்கும் காத்திருக்கத் தெரியாத எஃப்.பி.ஐ. அதிகாரிக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும்.

இரு காவலர்களுக்கும் ஒரே குரல்

லீப்ஹார்ன் 1970இல் அறிமுகமானவர், மூத்தவர், சூனியக் கதைகளை வெறுப்பவர், சுவரில் வரைபடம் மாட்டி ஊசி குத்தி யோசிப்பவர். 1980இல் வந்த சீ, சடங்குப் பாடகராகவும் ஆக விரும்பும் இளைஞர். இருவரும் 1986இல் ஒரே நாவலில் சேர்கிறார்கள். அங்கே இருவரையும் ஒரே நடையில் பேசவிட்டால் அவர்களுக்கிடையிலான உரசல் செத்துவிடும்.

கோத்திரம்

‘கிளான்’ என்பதற்கு இச்சொல் வேண்டாம். நவஹோ குலம் தாய்வழியில் வருவது.

பாலைவனம்

இச்சொல்லைக் கேட்டதும் நமக்கு மணல்மேடும் ஒட்டகமும் நினைவுக்கு வருகின்றன. நவஹோ நிலமோ பெரும்பாலும் 5,000 அடிக்கு மேற்பட்ட பீடபூமி. குளிர்காலத்தில் பனி பொழியும், கோடை மழையில் வறண்ட ஓடைகள் திடீரென்று வெள்ளக்காடாகும். “வறண்ட மேட்டுநிலம்” என்று எழுதலாம், அழகு குறைவுதான்.

கடிகாரம்

கோடையில் நவஹோ நிலத்தார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறார்கள். அரிசோனாவின் மற்ற பகுதிகளும், நவஹோ நிலம் சூழ்ந்திருக்கும் ஹோபி நிலமும் அவ்வாறு செய்வதில்லை. நேரம் இடிக்கிறதே என்று அச்சுப்பிழையாகக் கருதித் திருத்திவிடாதீர்கள்.

ஹோஸ்டீன்

இது பெயரன்று. முதியவரை மதித்து அழைக்கும் சொல். “பெரியவர்” என்று எழுதினால் போதும். என் முதல் வரைவில், ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத மூன்று கிழவர்கள் ஹோஸ்டீன் குடும்பத்து அண்ணன் தம்பிகளாக இருக்கிறார்கள்.