தையல் லைனில் ஒருவருக்கொருவர் உதவ வைப்பது எப்படி? சூப்பர்வைசருக்குச் சில வழிகள்

ஷிப்ட் தொடங்கியதும் டார்கெட் பேச்சை எடுக்காதீர்கள். முதல் 10 நிமிடம் லைனை ஒரு சுற்று வந்து, "எந்த மெஷின் மக்கர் பண்ணுது?" என்று கேளுங்கள். ஓவர்லாக்கில் (துணி ஓரம் அடிக்கும் மெஷின்) நூல் அறுகிறதா? ஊசி முனை மழுங்கியிருக்கலாம், நூல் டென்ஷன் இறுகியிருக்கலாம். மெக்கானிக்கை நீங்களே கூட்டி வாருங்கள். உடனே முடியாதென்றால், எப்போது முடியும் என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டு மறப்பது கேட்காமல் இருப்பதைவிட மோசம்.

தனக்காக ஒருவர் மெனக்கெட்டார், பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தால்தான் நன்றி பிறக்கும், அடுத்தவருக்கு உதவவும் தோன்றும். "காலையில பர்மிஷன் குடுத்தேன்ல, ஓ.டி. பார்த்துட்டுப் போ" என்றால் அது கடன் வசூல்.

இந்த உதவி பெரும்பாலும் சறுக்குவது பீஸ் ரேட்டில்தான், அதாவது தைத்த பீஸ் கணக்குக்குக் கூலி தரும் இடத்தில். புதிதாக வந்த பெண்ணுக்குக் காலர் வைக்கச் சொல்லித்தரும் அக்காவுக்கு அந்த அரைமணி நேரக் கூலி போய்விடும். மனசு இருந்தாலும் எழுந்து போக மாட்டார். அந்த நேரத்துக்கும் கூலி போட மேனேஜரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அடுத்தவரிடம் தேங்கிய பண்டிலை (தைக்க வேண்டிய துணிக் கட்டு) வாங்கித் தைத்தால், அந்த பீஸ்கள் தைத்தவர் பெயரிலேயே ஏற வேண்டும்.

பாராட்டும்போது என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கள். கூச்சப்படுபவரிடம் தனியாகச் சொன்னால் போதும். சலுகை எப்போதும் அதே இரண்டு பேருக்கென்றால் லைன் முழுக்கப் புகையும்.