பினாங்கில் தோழி வீட்டில் தங்கி ஊர் பார்ப்பது எப்படி

பினாங்கில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போவதென்றால், டிக்கெட் போடும் முன்பே அவளுக்கு எந்தெந்த நாள் லீவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் தோழி பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறாள். காலையில் ஏழுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: பகலில் இடங்களை நான் தனியாகப் பார்ப்பேன், சாப்பாட்டுக்கு அவள் வரும்வரை காத்திருப்பேன். கோயிலையும் கோட்டையையும் தனியாகவே பார்த்துவிடலாம். பினாங்குச் சாப்பாட்டுக்குத் துணை வேண்டும். தட்டுகள் சின்னவை, ஆளுக்கொன்று வாங்கி நடுவில் வைத்துப் பகிர்ந்தால்தான் ஒரே வேளையில் நாலு வகை ருசி பார்க்கலாம். எந்தக் கடை காலையில் மட்டும் இருக்கும், எது ராத்திரிக் கடை, எது எந்தக் கிழமை லீவு என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்குத்தான் மனப்பாடம்.

அப்புறம், மலேசியாவுக்குப் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதில் தங்கும் முகவரி கேட்பார்கள். தோழி வீட்டு முகவரியை அஞ்சல் குறியீட்டோடு முன்பே வாங்கி வையுங்கள்.

பகலுக்கு ஜார்ஜ் டவுன். மலாக்காவோடு சேர்த்து 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பழைய நகரம் இது. வெயில் ஏறுவதற்குள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில் நடக்க ஆரம்பியுங்கள். செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசல் எல்லாம் அடுத்தடுத்து வரும். 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலின் முன்வாசல் அடுத்த தெருவான குவீன் தெருவில் இருக்கிறது. கோபுரத்தைப் பார்க்க அந்தப் பக்கம் சுற்றிப் போக வேண்டும். சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் முனையில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா உண்டு. சின்னதுதான், ஆனால் தவறவிடாதீர்கள். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் தங்கள் ஊரின் அடையாளமாகக் கட்டிக்கொண்டது அது.

பினாங்கு மலைக்கு வார நாளில் போங்கள். சனி ஞாயிறில் ரயிலுக்கு வரிசை நீண்டுவிடும். 1923-இலிருந்து ஓடுகிற மலை ரயில் அது. ஜார்ஜ் டவுனின் உயரமான கொம்தார் கட்டடத்திலிருந்து 204-ஆம் எண் பஸ் அடிவாரம்வரை போகும். இறங்கி வரும்போது ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி கோயிலையும் பார்த்துவிடலாம். அங்கிருக்கும் ஏழு நிலை பகோடாவைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்: அடிப்பகுதி சீன பாணி, நடுவில் தாய்லாந்து, உச்சியில் பர்மா.

இனி சாயங்காலம். முதல் நாள் நாசி கண்டார் சாப்பிடுங்கள். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சோற்றையும் குழம்பையும் தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு இது. வரிசையில் நின்று சோறு வாங்கி, வேண்டியதைக் கை காட்ட வேண்டும்: பொரித்த கோழி, மீன் தலை, வெண்டைக்காய், அவித்த முட்டை. கடைசியில் "குவா சம்போர்" என்று சொல்லுங்கள். கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, இன்னொன்றில் கொஞ்சம் என்று சோற்றின்மேல் மாற்றி மாற்றி ஊற்றுவார். அந்தக் கலவைதான் நாசி கண்டாரின் உயிர். தனித்தனிக் கிண்ணத்தில் கேட்டால் அது வெறும் சோறும் குழம்பும்தான். பெரிய இறாலுக்கும் கணவாய்க்கும் விலை அதிகம், எடுக்கும் முன் எத்தனை வெள்ளி (ரிங்கிட்டை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) என்று கேட்டுவிடுங்கள். பல கடைகளில் தமிழிலேயே கேட்கலாம்.

அடுத்து அசாம் லக்சா. கானாங்கெளுத்தி வகை மீனை வேகவைத்து உதிர்த்து, புளி சேர்த்துக் கொதிக்கவிட்ட குழம்பு. அதில் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா. ஓரத்தில் ஒரு கரண்டி கறுப்பு இறால் விழுது தருவார்கள். அதை உடனே கலக்காமல் முதலில் குழம்பை மட்டும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். நம் புளிக்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். விழுதைப் பாதி பாதியாகக் கலந்தால் போதும்.

சார் குவே தியோ என்பது வாணலியில் வதக்கிய தட்டை அரிசி நூடுல்ஸ். அதை அடுப்புப் பக்கம் நின்று பார்த்து வாங்குங்கள். நல்ல கடையில் ஒரு சமயத்துக்கு ஒரு தட்டுதான் வதக்குவார்கள், அதனால் காத்திருக்கத்தான் வேண்டும். பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். வேண்டாதவர்கள் ஹலால் கடையைத் தோழியிடம் கேட்டுப் போகலாம். சைவக்காரர்களுக்குச் சீனச் சைவக் கடைகள் நிறைய உண்டு. எல்லோருக்குமாக செண்டோல் இருக்கிறது: பனிக்கட்டி, தேங்காய்ப்பால், தென்னை வெல்லம், பாண்டான் இலை வாசத்தோடு பச்சை நிற மாவு நூல்கள்.

ஒரே கூரையின் கீழ் பல சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் கோப்பிக் கடையில் (காப்பிக் கடை) ஒரு முறை உண்டு. முதலில் மேசை பிடித்து அதன் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைக் கடை கடையாகப் போய்ச் சொல்லலாம், ஆனால் குடிக்க ஏதாவது அந்தக் கோப்பிக் கடைக்காரரிடமே வாங்க வேண்டும். இடம் அவருடையது. பெரும்பாலும் தட்டு மேசைக்கு வந்ததும் காசு கொடுக்க வேண்டும். நம்மைப் பர்ஸைத் தொட விட மாட்டாள் தோழி. அதனால் சில்லறை நோட்டுகளைக் கையிலேயே வைத்திருந்து தட்டு வரும்போதே நீட்டிவிடுங்கள். வீட்டில் இடம் கொடுத்தவளே சாப்பாட்டுச் செலவையும் சுமப்பது நியாயமில்லை.

அவளுக்கு ஊரிலிருந்து மசாலாப் பொடி பாக்கெட்டைக் கொண்டுபோக வேண்டாம். லிட்டில் இந்தியாவில் எல்லா பிராண்டும் கிடைக்கிறது. அம்மா கையால் சுட்ட முறுக்கும் கூழ் வடகமும் எடுத்துப் போங்கள். திரும்பும்போது ஊறவைத்த ஜாதிக்காயும், பயறு விழுது வைத்த தௌ சார் பியா பிஸ்கெட்டும் வாங்கலாம். துரியான் காலத்தில் போனால் பழத்தை அங்கேயே தின்றுவிடுங்கள், பெரும்பாலும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.