இசைத்தாளில் ‘கிரேட் 3’ என்றால் எவ்வளவு கடினம்?

திருகோணமலையில் ‘கிரேட் 5’ என்றதும் பெற்றோருக்கு நினைவு வருவது பள்ளிக்கூடத்துத் தரம் 5தான். புலமைப்பரிசில் எழுதும் பிள்ளை பியானோவிலும் கிரேட் 5இல் நிற்க வேண்டுமாம்! இசைக் கிரேட்டுக்கு வயதும் இல்லை, வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கும் இல்லை.

1. எண் யாருடையது?

மேற்கத்திய இசைக்குப் பரீட்சை நடத்தும் பிரித்தானிய அமைப்புகளான ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி இரண்டிலும் கிரேட் 1 முதல் 8 வரை. அதற்குக் கீழே ஓர் ஆரம்ப நிலை. கர்நாடக சங்கீதத்துக்குப் பரீட்சை நடத்தும் வட இலங்கை சங்கீத சபையின் தரங்கள் வேறு. அங்கே தரம் 3 சித்தியடைந்த வயலின்காரருக்கு மேற்கத்திய நோட்டுப் பார்த்து வாசிக்க வரும் என்று எண்ணிவிடாதீர்கள். பேண்ட் இசைத்தாளில் உள்ள எண் முழுக் குழுவுக்கும் போட்டது. அதே தாளில் முதல் டிரம்பெட் மேல் ஸ்தாயியில் மூச்சு வாங்கும். மூன்றாம் டிரம்பெட் சும்மா நீள நோட்டுகளை ஊதிக்கொண்டிருக்கும்.

2. புள்ளியைப் பிரித்துப் பாருங்கள்

ஏபிஆர்எஸ்எம் பிராக்டிகல் பரீட்சைக்கு மொத்தம் 150, சித்திக்கு 100. மூன்று பீஸ்களுக்குத் (வாசிக்கும் உருப்படிகளுக்குத்) தலா 30, ஸ்கேல் எனும் சுர வரிசைகளுக்கு 21, முன்பு பார்க்காத தாளைப் பார்த்தவுடன் வாசிக்கும் சைட் ரீடிங்குக்கு 21, செவிப் பயிற்சிக்கு 18. மூன்று பீஸிலும் தலா 24 எடுத்தாலும் கிடைப்பது 72தான். மீதி 28ஐ மற்ற மூன்றிலிருந்து தேடவேண்டும். வருடம் முழுக்க மூன்று பீஸை மட்டும் உருப்போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். கிரேட் 6க்குப் போகுமுன் கிரேட் 5 தியரி (இசைக் கோட்பாட்டுப் பரீட்சை) அல்லது அதற்கு ஈடாக ஏற்கப்படும் சித்தி வேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. சித்திக்கு 100க்கு 60 போதும்.

3. முதல் வரியை நம்பாதீர்கள்

பீத்தோவனின் ‘ஃபூர் எலிஸ்’ பீஸைத்தான் எல்லோரும் முதலில் தொடுகிறார்கள். தொடக்க எட்டு பார்கள் (தாளில் செங்குத்துக் கோடுகளால் பிரிந்த கட்டங்கள்) எளிது, ஒரு கை விட்ட இடத்தில் மற்றக் கை பிடித்துக்கொள்ளும். நடுவில் ‘எஃப் மேஜர்’ ஸ்கேலுக்கு மாறும் பகுதி வந்ததும் வலது கை முப்பத்திரண்டில் ஒரு பங்கு நீளமே உள்ள வேக நோட்டுகளில் ஓடவேண்டும். பின்னால் இடது கை ஒரே ‘ஏ’ நோட்டை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, மேலே கோர்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) மாறும். இந்தப் பீஸின் கடினம் அந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது.

ஆகவே தாளை விரித்ததும் நோட்டுகள் மிக நெருக்கமாகக் கறுத்திருக்கும் நான்கு பார்களைத் தேடுங்கள். தாளக் கணக்கைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை, தாளில் குறித்த வேகத்தில் பாதிக்கு வைத்து, அவற்றை மட்டும் பதினைந்து நிமிடம் வாசியுங்கள். பிசகாமல் மூன்று முறை வந்தால் எடுத்துக்கொள்ளலாம். நோட்டு எதுவென்றே எண்ணி எண்ணித் தேடினால், தாளில் எந்த எண் இருந்தாலும் அந்தப் பீஸ் இப்போதைக்கு வேண்டாம். சைட் ரீடிங்குக்கு உங்கள் கிரேட்டிலிருந்து இரண்டு கீழே இறங்குங்கள்.

4. கருவியையும் பாருங்கள்

கடற்காற்றும் மார்கழி ஈரமும் சேர்ந்தால் பியானோவின் மரம் ஊதி, அழுத்திய கட்டை மேலே வரத் தாமதிக்கும். ‘ஃபூர் எலிஸ்’ பீஸின் அந்த ‘ஏ’க்கள் பாதி ஒலிக்காமல் போகும். பக்கத்துக் கட்டையிலும் அதே வேகத்தில் தட்டிப் பாருங்கள். அது சரியாக ஒலித்தால் விரலில் பிழையில்லை, பியானோவைச் சரிசெய்யும் டியூனரைக் கூப்பிடுங்கள்.