முக்காலி நிறுத்தும்போது கயிறு எந்தப் பக்கம் போகிறது?

கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அடுக்குமாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளக் கழிவுத் தொட்டியில் வேலை. குழிக்கு மேலே முக்காலி என்ற மூன்று கால் சட்டத்தை நிறுத்தி, அதன் தலையிலிருந்து வரும் கயிற்றில்தான் ஆளை இறக்குவோம். ஆள் இறங்குவதற்கு முன் மணல் மூட்டையைக் கட்டி இறக்கிப் பார்ப்பது என் வழக்கம். அன்று புதிதாக வந்த தம்பி ஒருவர், முக்காலியின் தலைக் கப்பியிலிருந்து வந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களுக்கு நடுவால் ஆறடி தள்ளிப்போய் நின்று இழுத்தார். பின்னால் இருந்த மூன்றாவது கால் டைல்ஸை விட்டு இரண்டு விரல் உயரம் எழும்பியது. "விடாதை தம்பி, கிட்ட வா, கிட்ட வா!" என்று கத்திக்கொண்டே அந்தக் காலை மிதித்தேன். மூட்டை என்றபடியால் தப்பினோம்.

முக்காலி மேலிருந்து நேர்கீழாக வரும் பாரத்தைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. தலையில் கப்பி போட்டுச் சரிவாக இழுத்தால், தொங்கும் பாரமும் இழுக்கும் பலமும் சேர்ந்து அந்த இரண்டு கயிறுகளுக்கும் நடுவிலுள்ள திசையில் தலையைத் தள்ளும். அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டிப் பாருங்கள். அது மூன்று பாதங்களுக்கு உள்ளே விழ வேண்டும். என் முக்காலி 7 அடி உயரம். நடுவிலிருந்து ஒரு பாதத்துக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி. ஆனால் இரண்டு பாதங்களை இணைக்கும் கோடு நடுவிலிருந்து அதில் பாதித் தூரத்திலேயே இருக்கிறது, ஒன்றரை அடிகூட இல்லை. கயிற்றை 45 பாகை சரித்து இழுத்தால் அந்தத் தள்ளும் கோடு நடுவிலிருந்து ஏறக்குறைய 3 அடி தள்ளி, பாதங்களுக்கு வெளியே போய்விடும். எந்தப் பக்கம் இழுத்தாலும் கவிழும்.

அதனால் நான் வின்சை, அதாவது கைப்பிடியால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் உருளையை, முக்காலியின் காலிலேயே பூட்டுகிறேன். கயிறு தலைக்குப் போய் நேராகக் குழிக்குள் இறங்கும். இழுவை முழுவதும் சட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வின்ச் இல்லாமல் கையால் இழுக்கத்தான் வேண்டுமென்றால், காலின் அடியில் இன்னொரு கப்பி போட்டு, கயிற்றைக் காலோடு ஒட்டிக் கீழே கொண்டுவந்து தரை மட்டத்தில் இழுங்கள். அப்போது கவிழாது, ஆனால் வழுக்கப் பார்க்கும். அந்தப் பாதத்தை ஓர் ஆள் காலால் அணைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பாதங்கள். மூன்றையும் சுற்றிச் சங்கிலி போடாமல் பாரம் ஏற்றவே கூடாது, பாரம் ஏறினால் கால்கள் வெளியே விரியும். டைல்ஸ், கொங்கிரீட் என்றால் பாதத்தின் ரப்பர் பக்கம் தரையில். மண் என்றால் கூர்ப் பக்கம். மழை பெய்து இளகிய நிலத்தில் பாதங்களுக்குக் கீழே பலகை வையுங்கள். சரிவான இடத்தில் கால் நீளத்தை மாற்றி, ஒவ்வொரு ஊசியும் துளைக்குள் முழுவதும் போய்ப் பூட்டியதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு மேசன்மாரின் தூக்குக்குண்டைத் தலையிலிருந்து தொங்கவிடுங்கள். அது குழியின் நடுவில் நிற்க வேண்டும்.

இறங்குபவருக்கு இரண்டு தனித்தனிக் கயிறுகள்: ஒன்று வின்சிலிருந்து, மற்றது விழுந்தால் தானாகப் பிடிக்கும் கருவியிலிருந்து. இரண்டும் தலையில் தனித்தனி வளையத்தில்.

மூடியைத் திறந்ததும் வாயுமானியைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவில், அடியில் என்று பாருங்கள். ஒக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இறக்காதீர்கள். கூமுட்டை மணம் இல்லை என்று நம்பிவிடவும் வேண்டாம்; அந்த மணத்தைத் தரும் நச்சு வாயுவான ஐதரசன் சல்பைட் கூடும்போது மூக்கே மரத்துப்போகும். உள்ளே ஒருவர் மயங்கினால் பின்னாலேயே குதிக்கத்தான் மனம் சொல்லும். தயவுசெய்து இறங்காதீர்கள். வின்சைச் சுற்றுங்கள், இன்னொருவர் தீயணைப்புப் படைக்கு 110, அம்புலன்சுக்கு 1990 எடுக்கட்டும். மேலே இருந்தே தூக்கத்தானே முக்காலியை வைத்தோம்.

ஆள் மேலே வந்ததும் பலரும் விடும் பிழை ஒன்று உண்டு. தொங்கிக்கொண்டிருப்பவரைப் பக்கவாட்டில் இழுத்துக் கரைக்கு எடுப்பார்கள். அதுவும் அந்தத் தம்பி இழுத்தது போலத்தான். அவருடைய கால்கள் விளிம்புக்கு மேலே வரும்வரை தூக்குங்கள், குழியின் வாயில் தடித்த பலகையைத் தள்ளுங்கள், அதன்மேல் நேராக இறக்குங்கள். அப்புறம் கொக்கியைக் கழற்றலாம்.