குதிகால் நாண் அறுவை சிகிச்சை: குணமான காலை ஆண்டுக்கணக்கில் சோதித்துப் பார்ப்பது எப்படி?

அறுந்த குதிகால் நாணை (ஆடுசதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண்) தைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் ஆறேழு மாதங்களில் நொண்டாமல் நடந்துவிடுகிறார்கள். அத்துடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று பயிற்சியை நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. சமதளத்தில் நடப்பதற்கு அந்த நாணின் முழு வலிமை வேண்டியதில்லை என்பதால், நடையை வைத்து அதன் நிலையை எடைபோட முடியாது.

ஆறு மாதம் கடந்து, மருத்துவரும் அனுமதித்த பிறகு, சுவரோரம் நின்று விரல்நுனிகளை மட்டும் சுவரில் ஊன்றிக்கொண்டு, முழங்காலை மடக்காமல் முதலில் நல்ல காலில் மட்டும் நின்று, குதிகாலைத் தூக்கி முன்பாதத்தால் எழும்புங்கள். குதிகால் எட்டும் உயரத்தை வீட்டிலுள்ள ஒருவர் பென்சிலால் சுவரில் குறிக்கட்டும். பிறகு தைத்த காலுக்கும் அப்படியே குறியுங்கள். தொடர்ந்து 25 முறை எழும்ப முடிகிறதா என்று பிசியோதெரபிஸ்டுகள் எண்ணுவதுண்டு. ஆனால் எண்ணிக்கையைவிட உயரமே அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. தைத்த காலின் கோடு ஓர் அங்குலம் கீழேயே நின்றுவிட்டால், நாண் சற்று நீண்டு ஆறியிருக்கக்கூடும். தொய்ந்த கொடிக்கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் முதல் இழுப்பு தொய்வை எடுப்பதிலேயே போய்விடுவதைப் போல, ஆடுசதை சுருங்கும் விசை குதிகாலுக்கு முழுதாக வந்து சேர்வதில்லை. இதனால்தான் முதல் சில மாதங்களில் குந்தி உட்காருவதையும், பாதத்தை மேல்நோக்கி வளைத்து நாணை இழுப்பதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

ஆடுசதையின் சுற்றளவை இரு கால்களிலும் ஒரே இடத்தில் டேப் வைத்து அளந்து, தேதியுடன் எழுதி வையுங்கள். தைத்த கால் ஓரிரு சென்டிமீட்டர் மெலிந்தே இருப்பதும், அதன் வலிமை 10 முதல் 30 சதவீதம் வரை குறைந்திருப்பதும் பல ஆண்டுகளுக்குப் பிறகும் காணப்படுவதுதான்.

அறுவை சிகிச்சை தருவது என்ன என்பதையும் அறிந்திருப்பது நல்லது. 2022-இல் வெளியான நார்வே ஆய்வில், ஓராண்டு கழித்து நோயாளிகள் தங்கள் காலின் நிலைக்குத் தந்த மதிப்பெண்ணில், தைத்துக்கொண்டவர்களுக்கும் தைக்காமல் கட்டுப்போட்டுக் குணமானவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நாண் மீண்டும் அறுந்தது மட்டும் தைக்காதவர்களில் 6.2 சதவீதம், தைத்தவர்களில் 0.6 சதவீதம். மறுபுறம், நரம்புப் பாதிப்பு தைத்தவர்களிடமே அதிகம். பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போயிருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

விளையாட்டுக்குத் திரும்ப நினைப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். 2019 ஜூனில் நாண் அறுந்த கூடைப்பந்து வீரர் கெவின் டுரான்ட், 2020 டிசம்பரில்தான் மீண்டும் போட்டியில் இறங்கினார்.

சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் நாண்களைப் பலவீனப்படுத்தக்கூடியவை. எந்த நோய்க்காக எந்த மருத்துவரிடம் சென்றாலும், மருந்துச்சீட்டு எழுதும் முன்பே குதிகால் நாண் தைத்த விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.