போர்க்குற்ற வழக்குக்கு வாக்குமூலம் எடுப்பவர்கள் விடுகிற பிழைகள்

போன மாதம் ஒரு தங்கச்சி மூன்று வாக்குமூலங்களை அனுப்பி, "அண்ணை, ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தாள். இரவிரவாக இருந்து தட்டச்சு செய்திருக்கிறாள். எழுத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்றிலும் ஒரே ஓட்டை. இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் விட்ட அதே ஓட்டை.

திகதி எழுதுங்கள், படத்தில் கைவைக்காதீர்கள், சாட்சியின் பெயரை வெளியே விடாதீர்கள் என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அவற்றை விடுவோம்.

குற்றத்தை எழுதிவிட்டு ஆளை விட்டுவிடுவது

ஒரு முன்னாள் அமைச்சரையோ பாதுகாப்புச் செயலாளரையோ கூண்டில் ஏற்றினால் நீதிமன்றம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கும். குற்றம் நடந்ததா? நடந்ததற்கும் இவருக்கும் என்ன தொடர்பு? முதலாவது கேள்விக்கு நாங்கள் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருப்போம். இரண்டாவதுக்கு ஒரு தாளும் இருக்காது. அவர் யாரையும் கையால் அடித்திருக்க மாட்டார். அவருடைய வழக்கறிஞர் எறிகணை விழுந்ததை மறுக்கவும் மாட்டார். துயரமான சம்பவம்தான், என் கட்சிக்காரருக்கு இது எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்பார்.

மேலதிகாரி என்ற முறையில் ஒருவரைக் குற்றவாளியாக்க, குற்றம் செய்தவர்கள் உண்மையிலேயே அவர் கட்டுப்பாட்டில் இருந்தார்கள், நடப்பது அவருக்குத் தெரியும் அல்லது தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தது, அப்படியிருந்தும் தடுக்கவோ தண்டிக்கவோ இல்லை என்று காட்ட வேண்டும். கொங்கோவின் முன்னாள் துணை ஜனாதிபதி ஜான் பியர் பெம்பாவுக்கு 2016இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 18 வருடச் சிறை கொடுத்தது. 2018இல் மேன்முறையீட்டில் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் விடுதலை. அவருடைய படைகள் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் கொலையும் வன்புணர்வும் செய்யவில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தூரத்தில் இருந்த தலைவர் தன்னால் முடிந்ததைச் செய்தாரா என்ற இடத்தில்தான் வழக்கு முக்கியமாக உடைந்தது.

இனி என் கதை. முகாமில் அடைபட்டிருந்த ஓர் ஐயாவிடம் இரண்டு நாள் இருந்து பதினான்கு பக்கம் எழுதினேன். அடி, பசி, காயம் எல்லாம் இருந்தது. தேத்தண்ணி குடிக்கும்போது அவர் சாதாரணமாக ஒன்று சொன்னார். ஒரு வெள்ளை வாகனம் வரும் நாளில் காவலுக்கு நிற்கும் பொடியன் சிகரெட்டைக் காலுக்குக் கீழே போட்டு மிதித்துவிட்டு விறைத்து நிற்பானாம். அன்றைக்கு அடி விழாதாம். எனக்கு அது தேத்தண்ணிக் கதையாகத்தான் பட்டது. எழுதவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு விசாரணை அதிகாரி அந்த வாக்குமூலத்தைப் படித்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்: பெரிய அதிகாரி யாராவது அங்கே வந்துபோனாரா? எனக்கு உடனே அந்தச் சிகரெட் நினைவுக்கு வந்தது. ஆனால் ஐயாவுக்கு அதற்குள் மறதி நோய் முற்றிவிட்டது, மகளின் பெயரையே தடுமாறித்தான் சொன்னார். எனக்கு நினைவிருப்பது சாட்சியம் ஆகாது. இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வரும்.

தொடர்பைக் காட்டும் சாட்சியம் என்றால் என்ன என்று பார்க்க சாட் நாட்டு வழக்குக்குப் போங்கள். 1982 முதல் 1990 வரை ஜனாதிபதியாக இருந்த ஹிசேன் ஹப்ரேயின் அரசியல் பொலிஸ் விட்டுச்சென்ற கோப்புகள் 2001இல் தலைநகர் இன்ஜமேனாவில் ஒரு கைவிடப்பட்ட கட்டடத்தில் கிடைத்தன. அவற்றில் 12,321 பேரின் பெயர்கள் இருந்தன. தடுப்பில் இறந்தவர்கள் மட்டும் 1,208. வழக்கைத் தூக்கி நிறுத்தியது இன்னொரு கணக்கு: கைதிகளைப் பற்றி நேரே ஹப்ரேக்குப் போன 1,265 தகவல்கள். சில போர்க்கைதிகளை ஆஸ்பத்திரிக்கு மாற்றக் கேட்ட செஞ்சிலுவைச் சங்கக் கடிதத்தில், செத்தாலொழிய எந்தப் போர்க்கைதியும் சிறையைவிட்டு வெளியே போகக் கூடாது என்று கையால் குறிப்பு எழுதியிருந்தது. அது ஹப்ரேயின் கையெழுத்துத்தான் என்று எழுத்து நிபுணர் சொன்னார். விசாரணை நடந்த செனகல் தலைநகர் டாக்கரில் ஹப்ரே தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியுமாக வாய்திறக்காமல் இருந்தார். அவருக்குப் பதிலாக அந்தக் கடிதம் பேசியது.

எல்லோருக்கும் அப்படி ஒரு கட்டடம் கிடைக்காது, சரி. அதனால்தான் சின்னக் கேள்விகளைக் கேட்கச் சொல்கிறேன். யாரைக் கண்டதும் எழும்பி நின்றார்கள்? வோக்கியில் எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள்? உடுப்பின் தோளில் என்ன இருந்தது? பிள்ளையைத் தேடி யாருக்குக் கடிதம் போட்டீர்கள்? ஒரு அம்மா பங்கீட்டு அட்டையோடு ஒரு பொலித்தீன் பையில் மடித்து வைத்திருந்த பதிவுத்தபால் துண்டைக் காட்டினா. அமைச்சின் முகவரி, திகதி முத்திரை. "இது என்னத்துக்குத் தம்பி, பழசு" என்றா. அந்த அலுவலகத்துக்கு முறைப்பாடு அனுப்பப்பட்டதற்கு அந்தத் துண்டுதான் முதல் படி.

ஒரே ஆளிடம் நாலு பேர் கேட்பது

நாலு அமைப்பு, நாலு வாக்குமூலம், நாலு விதமான திகதி. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இதைவிட என்ன வேண்டும்? சாட்சி பொய் சொல்லவில்லை. மனித நினைவு அப்படித்தான். கேட்டவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டியதை எழுதியிருப்பார்கள். சாட்சிகளைத் தேடும் வேலையை இடைத்தரகர்களை நம்பி விட்டதற்காக, கொங்கோ ஆயுதக்குழுத் தலைவர் லுபாங்காவின் வழக்கில் 2012இல் நீதிபதிகள் அரசுத் தரப்பைக் கடிந்துகொண்டார்கள். முன்பே யாராவது எழுதினார்களா என்று முதலில் கேளுங்கள். எழுதியிருந்தால் நிறுத்துங்கள்.

"முன்னாள்" என்பதைக் கவனிக்காமல் விடுவது

பதவியில் இருக்கும் வெளிவிவகார அமைச்சரை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் தொட முடியாது என்று நாடுகளுக்கிடையிலான வழக்குகளைக் கேட்கும் சர்வதேச நீதிமன்றம் 2002இல் சொல்லிவிட்டது. பதவி போன பிறகு கதை வேறு. தூதுவராகப் போயிருந்தால் அதற்கும் தனிக் காப்பு உண்டு. இலங்கைத் தளபதியாக இருந்து பிரேசிலுக்குத் தூதுவராகப் போனவர் மீது 2017இல் அங்கே முறைப்பாடு பதிவானபோது அவர் ஊர் திரும்பிவிட்டிருந்தார்.

கடைசி நேரத்தில் புது விஷயம்

ஹப்ரே வழக்கில் ஒரு பெண், ஹப்ரேயே தன்னை வன்புணர்ந்தார் என்று சாட்சி சொன்னார். மேன்முறையீட்டில் அந்தக் குற்றம் மட்டும் கழன்றது. பொய் என்று அல்ல, குற்றப்பத்திரத்தில் இல்லை என்று.

சாட்சியின் வாயில் சட்டச் சொல்லைத் திணிப்பது

வேண்டாம்.

அவசரப்படுவது

ஹப்ரே மீது டாக்கரில் முறைப்பாடு போட்டது 2000. தீர்ப்பு 2016.

தங்கச்சிக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப நாளைக்கே போய்த் திரும்பக் கேட்கட்டே அண்ணை?" என்றாள். அதுதான் இல்லை. விட்ட கேள்விகளைத் தனித்தாளில் எழுதி, கேட்கவில்லை என்று மேலே போட்டு, திகதியிட்டு, வாக்குமூலத்தோடு விசாரணையாளரிடம் கொடு என்றேன். அவர்கள் ஒருதரம் கேட்கட்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டாவது சாட்சி பதிவு முடிந்த பிறகு வாசலில் நின்று ஏதோ ஒரு ஜீப்பைப் பற்றிச் சொன்னதாகச் சொன்னாள்.

"அதையும் அந்தத் தாளிலேயே எழுது. அவர் சொன்ன சொல்லிலேயே எழுது. இப்பவே."