கல்நார் உள்ள கட்டடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்பெஸ்டாஸ் எனப் பரவலாக அறியப்படும் கல்நார், நெருப்பில் எரியாமலும் நூல்போலப் பிரியக்கூடியதாகவும் இருக்கும் கனிமம். இந்தக் குணங்களுக்காகவே கடந்த நூற்றாண்டில் கூரைத் தகடு, தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கிக் குழாய், தரை ஓடு, கொதிகலன் உறை எனக் கட்டடத்தின் பல பாகங்களில் அதைச் சேர்த்தார்கள். சிமெண்டோடு இறுகிக் கிடக்கும்வரை அதன் இழைகள் பெரும்பாலும் வெளிவருவதில்லை. அவற்றைத் தூசியாக்கி மூச்சில் கலக்கச் செய்பவை நம் கைகள் செய்யும் வேலைகளே.

கண்ணால் பார்த்து முடிவுசெய்வதே முதல் தவறு. உடைந்த தகட்டின் ஓரத்தில் சில சமயம் பஞ்சு பிரிந்ததுபோல மெல்லிய நார்கள் தெரியும். ஆனால் அப்படித் தெரியாததாலேயே அதில் கல்நார் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆய்வகத்தில் நுண்ணோக்கியின்கீழ் சோதித்தால்தான் உறுதியாகும். சோதிக்க வழியில்லாத பழைய பொருளைக் கல்நார் உள்ளதாகவே கருதி நடத்துவது நல்லது. வெள்ளைக் கல்நார் தீங்கற்றது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

ஆபத்து என்று கேள்விப்பட்டதும், நல்ல நிலையில் உள்ள கூரையைப் பதறிப்போய்ப் பெயர்த்தெடுப்பவர்களும் உண்டு. விரிசலோ சிதைவோ இல்லாத தகட்டைத் தொடாமல் விட்டு, அவ்வப்போது கவனித்து வருவதே பெரும்பாலும் பாதுகாப்பானது. அதில் துளையிடுவது, மின்ரம்பத்தால் அறுப்பது, பாசியை நீக்கக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது, அதிவேக நீர்ப்பீச்சால் கழுவுவது ஆகியவை எல்லாம் இழைகளைக் கிளப்பிவிடும். அகற்றியே ஆக வேண்டுமென்றால், பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு, நனைத்த தகடுகளை உடைக்காமல் முழுதாகக் கழற்றி இறக்கி, கனமான பாலித்தீன் உறைகளில் இரட்டையாகச் சுற்றி, அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் சேர்க்க வேண்டும். உடைந்த துண்டுகளைப் பள்ளம் நிரப்பவோ நடைபாதை போடவோ பயன்படுத்தினால், மிதிபட்டு நொறுங்கும் ஒவ்வொரு துண்டும் புதிய தூசியைத் தரும்.

என் பார்வையில் மிகக் கொடிய தவறு வேலை முடிந்தபிறகுதான் நடக்கிறது. துளையிட்ட இடத்தின்கீழ் ஒரு பிடி சாம்பல்நிறத் தூள் விழுந்திருக்கும். உடனே துடைப்பத்தை எடுத்துப் பெருக்குவோம். கண்ணுக்குத் தெரிந்த தூள் குப்பைக்குப் போய்விடும், ஆனால் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் எழும்பி மணிக்கணக்கில் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். சாதாரண வேக்யூம் கிளீனரும் உறிஞ்சிய நுண்ணிழைகளைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் உறையிலிட்டு மூடி அப்புறப்படுத்த வேண்டும். துணி முகக்கவசம் இந்த இழைகளைத் தடுக்காது.

வேலை செய்தவருக்கு மட்டுமே ஆபத்து என்று எண்ணுவதும் பிழை. 1960இல் தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியிலிருந்து 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வெளியானது. நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் தோன்றும் அந்தப் புற்றுநோய், சுரங்கத்தில் ஒருநாளும் வேலை செய்யாமல் அதன் அருகே வாழ்ந்தவர்களையும் தாக்கியிருந்தது. கணவரின் வேலை உடைகளை உதறித் துவைத்ததால் நோயுற்ற மனைவியரும் பின்னாளில் கண்டறியப்பட்டார்கள். ஆகவே தூசி படிந்த உடையோடு வீட்டுக்குள் நுழையவோ, அதை மற்ற துணிகளோடு ஊறவைக்கவோ கூடாது.

இத்தனை வருடம் இந்தக் கூரையின்கீழ்தானே இருந்தோம், ஒன்றும் ஆகவில்லையே என்று பலர் கேட்பதுண்டு. ஆழச் சென்று தங்கிய நீளமான இழைகளை உடலின் காப்புச் செல்களால் விழுங்கிக் கரைக்க முடிவதில்லை. அவை ஆறாத அழற்சியை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நுரையீரல் தழும்பேறி மூச்சு சுருங்கும் ஆஸ்பெஸ்டோசிஸ் பெரும்பாலும் பல ஆண்டுகள் தூசியில் உழைத்தவர்களுக்கே வருகிறது. மீசோதீலியோமாவோ 20 முதல் 50 ஆண்டுகள் கழித்துக்கூட வெளிப்படலாம். புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயின் அபாயம் பன்மடங்கு கூடுகிறது. எனவே கல்நார்த் தூசியில் வேலை செய்த அனுபவம் எத்தனை பழையதானாலும், நீடிக்கும் இருமலுக்கோ மூச்சிரைப்புக்கோ மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.